பதினேழு அங்குலம்

வெள்ளிச் சந்தையில் தலைகுப்புறக் கிடந்தது மானிட்டர்.
ஒன்றரை தினார். ஸ்டாண்டு இல்லை.
திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக
ஒரு பச்சைக் கோடு.
கோட்டைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னேன்.
கோடு இலவசம் என்றார் எகிப்துக்காரர்.

மஹ்பூலா வரும் பஸ்ஸில்
இதற்கும் ஒரு டிக்கெட் கேட்பாரோ என்று
சட்டையைக் கழற்றி மூடி, பனியனோடு உட்கார்ந்து வந்தேன்.

பின்மூடிக்குப் பதினொரு திருகு. இருந்தது பத்து.
எனக்கு முன்னால் எவனோ திறந்து பார்த்துவிட்டு
மனசு வராமல் மூடியிருக்கிறான்.
உள்ளே ஒரு கைப்பிடி மணல்.
இந்த ஊரில் எதைத் திறந்தாலும் அதுதான்.

போர்டு, பிரிட்டோ கொண்டுவந்தது.
சீட்டுக்கட்டு அளவு. அவன் கேன்டீனில்
இன்றைக்கு என்ன சாப்பாடு என்று காட்டிக்கொண்டிருந்த
திரைக்குள் குடியிருந்தது.
ஒயரை மாற்றி மாற்றிச் சொருகி,
இரவு ஒன்றரைக்கு உயிர் வந்தபோது
பருப்பு, கோழி, மோர்
என்று பச்சைக் கோட்டோடு எரிந்தது.
எட்டுப் பேரும் கைதட்டினோம்.

ஃபிரிட்ஜ் வந்த பெட்டிப் பலகையில் சட்டம் அடித்தேன்.
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி
இப்போது பக்கத்துக் கட்டிலைக் காட்டுகிறது.

ஆளுக்குப் பத்துப் படம் கொடுங்கள் என்றேன்.
ஒவ்வொன்றுக்கும் இருபது நொடி.
ஒருத்தரும் போனை நீட்டவில்லை.

உக்கிரபாண்டிதான் வாய் திறந்தார்.
"எம் பொண்டாட்டி மூஞ்சிய
ஏழு ஆம்பளைங்க படுத்துக்கிட்டுப் பாக்கவா?"
ஜகுபர் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தார்.
சபுராம்மா சொன்னதை அப்படியே சொன்னார்:
"நான் சிரிச்சது உங்களுக்கு. சுவத்துக்கு இல்ல."

அதோடு பேச்சு முடிந்தது.
இரண்டு நாள் பருப்பும் கோழியும் மோரும்தான் ஓடியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன.
ஜகுபரின் ஸ்கூட்டர், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்.
பிரிட்டோ தங்கச்சியின் மார்க் ஷீட், பெயரை விரலால் மறைத்து.
கடன் தீர்ந்தது என்று முத்திரை குத்திய சத்தெய்யாவின் ரசீது.
கரீம்நகர் வட்டிக்காரனின் கையெழுத்தை
இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை.
உக்கிரபாண்டி தன் வீட்டைக் கொடுத்தார்:
வானம் தோண்டியது, பேஸ்மட்டம், லிண்டல்,
வைக்கோல் பரப்பித் தண்ணீர் கட்டிய தளம்.

பச்சைக் கோடு எல்லாவற்றின் மேலும் ஓடியது.
அது போகப்போகத் தெரியவில்லை, அல்லது
வீட்டுக்கு மின்கம்பம் வந்ததுபோல் இருந்தது.

ஒரு வாரத்தில் அந்த வீடு அறையின் வழக்காகிவிட்டது.
சத்தெய்யா தமிழும் தெலுங்குமாய்ச் சண்டைக்கு நின்றார்,
ஈசான மூலையில் படி வரக்கூடாதாம்.
ஜன்னல் போதாது என்றான் பிரிட்டோ.
நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன்கூட
செருப்பைக் கழற்றாமல் செங்கல்லை எண்ணினான்.

தளம் போட்ட படத்தில் ஒன்றைக் கடைசியாகத்தான் கவனித்தேன்.
ஈர சிமெண்டின் மேல் ஒரு நிழல்.
போனைப் பிடித்திருக்கிற முழங்கை,
காற்றில் தூக்கிய முந்தானை.
அந்த இருபது நொடி வரும்போதெல்லாம்
உக்கிரபாண்டி சோற்றுக் கையை
அப்படியே தட்டில் வைத்திருப்பார்.
நாங்கள் ஊறுகாய் பாட்டிலைத் தேடுவோம்.

ரூமில் படியைப் பற்றிப் பேச்சு என்று
ஊருக்குச் சொல்லிவிட்டார் போல.
அடுத்த வாரம் படியின் படம் வந்தது.
சாயங்கால வெயில். அவள் நிழல்
ஒவ்வொரு படியிலும் ஒரு மடிப்பு மடிந்து
மேலே ஏறிப் போகிறது, இடுப்பில் ஒரு கையோடு.
தெரிந்துதான் நின்றாளா?
கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

அந்த ஒன்றுக்கு மட்டும் நாற்பது நொடி வைத்தேன்.
எவனும் கணக்குக் கேட்கவில்லை.

சத்தெய்யா மட்டும்
"ஈசான மூலைதான்" என்று
போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.