முட்டுக்கட்டை

முப்பத்தெட்டு வருடம் தரை போட்டவன் நான்.
ஓல்போர் நகரில், ஃபியோர்டுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும்
நான் மண்டியிடாத மாடிப்படி குறைவு.
கடவுளுக்கு மண்டியிட்டது இரண்டே தடவை:
பதினான்கு வயதில் ஒன்று, கல்யாணத்தன்று ஒன்று.
கம்பளத்துக்குத் தினமும்.

கம்பளத்தை இழுத்து நிறுத்த ஒரு கருவி உண்டு.
முன்னால் பல், பின்னால் பஞ்சு.
பஞ்சில் முட்டியால் ஓங்கி இடிக்க வேண்டும்,
ஓர் அறைக்கு நூறு இடி.
கணக்கு வைத்தது நானல்ல,
வலது முட்டி.

குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள்.
புது மூட்டு வைக்க வயது போதாதாம்,
வேலையை விட வயது போதுமாம்.
மாத்திரை, ஊசி, நீச்சல் குளத்தில் கிழவிகளோடு நடை.
படுக்கையறை மாடியில்.
இரண்டு வருடம் படிப்படியாக உட்கார்ந்தே இறங்கினேன்.
நானே கம்பளம் போட்ட படிகள்,
மெத்தென்றுதான் இருந்தன.

பிறகு ராக்ன்ஹில்ட் ஸ்கோவ்கோர் என்ற மருத்துவர்
"தேய்ந்ததை என்னால் வளர்க்க முடியாது,
முளைத்ததை அடைக்கலாம்" என்றார்.
அழற்சி கண்ட மூட்டில் உடம்பு
யாரும் கேட்காமலே புது ரத்தக்குழாய் இழுக்குமாம்.
குழாயோடு நரம்பும் ஒட்டிக்கொண்டு வருமாம்,
விருந்தாளியோடு வரும் நாய் மாதிரி.
எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன்.
ஒரு வருடம், இரண்டு, தெரியாது என்றார்.
அந்தத் 'தெரியாது'வை நம்பித்தான்
கையெழுத்துப் போட்டேன்.

மல்லாந்து படுத்தேன்.
ஆயுளெல்லாம் தரை பார்த்தவனுக்குக்
கூரை புதுசு.
மூன்றாவது வரிசையில் ஒரு பலகை அரை விரல் விலகியிருந்தது.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
தொடை இடுக்கில் ஊசி இறங்கிவிட்டது.
நூலைவிட மெல்லிய ஒரு குழாய்
எனக்குத் தெரியாத என் தெருக்களில் நடந்தது.

சாயம் பாய்ந்ததும் முட்டிக்குள் வெந்நீர் ஊற்றினாற்போல் இருந்தது.
திரையில் மூட்டின் ஓரம் புகைந்து கறுத்தது.
அதற்கு இங்கே நாணம் என்று பேர்
என்றான் செவிலியன் ஆஸ்கெர்.
ஐம்பத்தெட்டு வயதில் என் முட்டி வெட்கப்பட்டது,
யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை.

பொடி மணலைவிடப் பொடியான மணிகள்,
துளித் துளியாக, அவசரமில்லாமல்.
ஒவ்வொரு சந்துக்கும் ஒரு முட்டுக்கட்டை.
பெரிய சாலையைத் தொடவில்லை.
நாணம் கிளை கிளையாக வெளிறியது.
இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே
"போதும்" என்று நிறுத்திவிட்டார்.
எனக்கு அந்தக் கை பிடித்தது.
பசையும் அப்படித்தான்,
ஒரு கரண்டி கூடினால் இணைப்பில் பிதுங்கும்.

அன்று மாலையே வீடு.
முதல் வாரம் முன்னைவிட வலித்தது.
தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல்,
நுங்கு அளவு தொடங்கித் தட்டு அளவானது.
மருத்துவரைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன்.
தபால்தலை வாங்கப் படி இறங்க வேண்டுமே என்று
அனுப்பவில்லை.

ஆறாவது வாரம் வாசல் மணி.
இறங்கினேன், திறந்தேன், பெட்டியை வாங்கினேன்.
கதவைச் சாத்தும்போதுதான் உறைத்தது:
நின்றபடி இறங்கியிருக்கிறேன்,
கைப்பிடியைத் தொடாமல்.

மேலே ஏறி
இன்னொரு முறை இறங்கிப் பார்த்தேன்.
இந்த முறை கவனித்ததால் கொஞ்சம் வலித்தது.
ஏழாவது படியில் கம்பளம் தளர்ந்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது;
உட்கார்ந்து இறங்கிய இரண்டு வருடமும்
என் பின்பக்கம் அதைச் சொல்லவேயில்லை.
பெட்டியில் இருந்தது
அடுத்த வீட்டுக்கு வந்த பூனைத் தீவனம்.

கருவி இன்னும் பரண்மேல் இருக்கிறது.
எடுக்கவில்லை.
ஏழாவது படியை வேறு யாராவது இடிக்கட்டும்.

இடது முட்டி இதையெல்லாம்
பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.
அது ஒருநாளும் இடித்ததில்லை,
ஊன்றியது மட்டும்தான்.
நேற்றிலிருந்து
ஏதோ முனகுகிறது.