முப்பத்தொன்றாவது குப்பி

ஆறே முக்காலுக்குக் குப்பண்ணன்
தெர்மாகோல் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விடுகிறார்.
உள்ளே, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில்
சேலத்துப் பெண்களின் சிறுநீர்.
பெயர் கிடையாது. எண் மட்டும்.

ஈ. கோலை எல்லார் குடலிலும்
சும்மா கிடப்பதுதான். சாது.
சிலவற்றிடம் மட்டும்
நாலைந்து மரபணு கூடுதலாக இருக்கும்.
நான் தேடுவது அவற்றை.
ஃபிம்-ஹெச் என்று ஒன்று, கொக்கி போட:
சிறுநீர்ப்பைச் சுவரின் சர்க்கரையைப் பற்றித் தொங்கும்,
எவ்வளவு வெள்ளம் அடித்தாலும் விடாது,
கோடை விழா நாளில்
ஏற்காடு பஸ்ஸின் படிக்கம்பியைப் பிடித்த கை மாதிரி.
பேப் என்று ஒன்று, மேலே ஏற:
வளைவு வளைவாக, கொண்டை ஊசி கொண்டை ஊசியாக
சிறுநீரகம் வரை.
ஒன்று ரத்த அணுவை உடைக்கும்.
ஒன்று இரும்பைத் திருடும்.

அந்த ஒன்றை எழுதும்போது மட்டும்
பேனா கொஞ்சம் நிற்கும்.
மேற்கே கஞ்சமலை, வயிறு நிறைய இரும்பு.
பக்கத்திலேயே இரும்பாலை.
இந்தப் பெண்களின் சீட்டிலோ
ஹீமோகுளோபின் ஏழு, ஏழரை, ஆறு புள்ளி எட்டு.
இதிலுமா திருடுவாய் என்று
பெட்ரி தட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்,
சத்தமாகவே.

இரவு. ஊதா விளக்கின் கீழே ஜெல்.
முதல் தடத்தில் ஏணி;
அதன் பெயரே அதுதான்.
எந்தப் படிக்கு நேராக ஒளிக்கோடு நிற்கிறதோ
அது இன்ன மரபணு.
முப்பத்தொன்றில் ஒன்றுமில்லை.
மூன்று முறை ஓட்டினேன்.
கொக்கி இல்லை. ஏறத் தெரியாது.
உடைக்காது. திருடாது.
ஆனால் கேஸ் சீட்டு சொல்கிறது:
வலது சிறுநீரகத்தில் சீழ்,
நூற்று நான்கு டிகிரி, ஆறாம் நாள்.

"நெகட்டிவ்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போம்மா"
என்றார் இர்ஷாத் சார்.
நான் வார்டுக்குப் போனேன்.

சம்பூரணம். முப்பத்தெட்டு வயது.
பனங்காட்டில் ஒரு வெள்ளிப் பட்டறை,
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற வேலை.
"எட்டுப் பேருங்க, அதுல பொம்பளைங்க மூணு.
கக்கூஸு மொதலாளி வீட்டுக்குள்ள.
ஒவ்வொரு தடவையும் கேக்கணும்.
காலைல ஒரு டம்ளர் காப்பி,
அப்புறம் ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் தண்ணி.
அடக்கிப் பழகிருச்சு."

எத்தனை வருடமாக என்றேன்.
கை கொலுசுக்கண்ணி எண்ணுவது போல அசைந்தது.
பதில் வரவில்லை, தூங்கிவிட்டாள்.

எட்டாம் வகுப்பில் எனக்கு
அடக்கத்துக்கென்று ஒரு பரிசு கொடுத்தார்கள்.
எவர்சில்வர் டப்பா, மூடியில் பள்ளியின் பெயர்.
அம்மா இன்னும் அதில்தான் கடுகு வைத்திருக்கிறாள்.

தேங்கிய குட்டையில் நீந்த
எந்தக் கிருமிக்குக் கொக்கி வேண்டும்?

அட்டவணையில் நாலு மரபணுவுக்கு நாலு கட்டம்.
பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று கோடு போட்டேன்.
தலைப்பு தோன்றவில்லை.
வைத்தாலும் சார் அடித்துவிடுவார்.

அப்போதுதான் உணர்ந்தேன்,
காலையிலிருந்து நானும் போகவில்லை.
வராந்தாக் கடைசியில் அந்தக் கதவு,
அதே பூட்டு. ஸ்டோர் கீப்பர் லீவு.
மாடிப்படியில் நாலைந்து பையன்கள்
போன் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக
அங்கிருந்தே, கத்தித்தான் கேட்டேன்:
"குப்பண்ணா, பாத்ரூம் சாவி எங்க?"