குழி எண் மூன்று

கோணிப்பையில் வந்தது, ஈரம் போகாமல் பாலிதீன் சுற்றி.
மேலே நீல மையில்: குழி 3, ஆழம் ஒன்றேகால் மீட்டர்.
இறக்கிவைத்த ஓட்டுநர் நவநீதம் சொன்னார்,
"செம கனம் மேடம், செத்த மாடு மாதிரி."

மன்னார்குடியில் டயர் கடைக்குப் பின்னால் எங்கள் ஆய்வகம்.
மண் உலர்த்தும் அடுப்பு ஒன்று, தராசு இரண்டு.
மின்சாரம் போனால்
அடுப்பு எத்தனை நிமிடம் அணைந்திருந்தது என்று
ஒரு நோட்டில் குறிக்க வேண்டும்.
இந்த ஊரைப் பற்றிப் பொய்யில்லாமல் எழுதப்பட்டது
அந்த நோட்டு ஒன்றுதான்.

நகராட்சிக் குப்பைக்கு ஒரு படுக்கை வேண்டுமாம்.
மழையில் ஊறி இறங்கும் கறுப்புத் தண்ணீர்
கிணறுகளைத் தொடாமல் தடுக்கும் களிமண் படுக்கை.

பித்தளைக் கிண்ணத்தில் பிசைந்து அப்பி
நடுவே ஒரு கீறல் கிழித்து
கைப்பிடியைச் சுற்றினேன்.
டக், டக்,
நொடிக்கு இரண்டு தட்டு.
இருபத்தைந்தாம் தட்டில் கீறல் மூடிக்கொள்ள வேண்டும்.
முன்பே மூடினால் தண்ணீர் கூடுதல்,
மூடாவிட்டால் இன்னும் சில சொட்டு.

பிறகு கண்ணாடித் தட்டில் உருட்டல்.
மூன்று மில்லிமீட்டர் திரியாகும்போது மண் உதிர வேண்டும்.
அரசாங்கம் ஒப்புக்கொண்ட கருவி, என் வலது உள்ளங்கை.
மூன்றாம் எண் உதிர மறுத்தது.
மடித்தேன், உருட்டினேன், மடித்தேன்.
டீ ஆறிப்போனது.

அச்சில் இடித்து இறுக்கி
மேலே கண்ணாடிக் குழாய் நட்டுத் தண்ணீர் நிரப்பினேன்.
செவ்வாய், காலை பத்து நாற்பது.
மாலையிலும் அதே கோடு.
புதன்கிழமை இரண்டு மில்லிமீட்டர்,
அதில் ஆவியானது எவ்வளவோ.

கணக்குப் போட்டால்
வருஷத்துக்கு மூன்று சென்டிமீட்டர் இறங்கும்.
தொண்ணூறு சென்டிமீட்டர் கனம் போட்டால் முப்பது வருஷம்.
அதற்குப் பிறகு யார் கிணறு என்று
படிவம் கேட்கவில்லை.
குப்பைமேட்டுத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாமா என்றேன்.
"நல்ல தண்ணியே போதும்மா" என்றார்
இளநிலைப் பொறியாளர் தில்லைநாயகம்.
"பாஸ்தானே?"

வியாழக்கிழமை அஞ்சம்மாள் வந்தார்,
குழி மூன்றுக்குப் பட்டாதாரர்.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு
நேரே குழாயிடம் போய் நின்றார்.
"என்ன, தண்ணி அப்படியே நிக்குது?"
நிற்பதுதான் நல்லது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
"போன கார்த்திகையில ஒம்பது நாள் நின்னுச்சு.
சம்பா அத்தனையும் வேர் அழுகிப்போச்சு.
நிவாரணத்துக்குப் போனா,
வடியிற மண்ணுதான், வாய்க்காலை நீதான் வெட்டி வைக்கலன்னு
எழுதிட்டான்."

ஜன்னலில் மீந்த மண்ணை ஒரு வில்லையாக வைத்திருந்தேன்.
நாலு நாள் வெயிலில்
குறுக்கே வெடித்து, ஒரு ரூபாய் நாணயம் செருகும் அகலம்.
அதைக் காட்டினேன்.
"சித்திரையில வந்து பாருங்க" என்றார்,
"அருவா விழுந்தா எடுக்க முடியாது."

அறிக்கையில் எழுதினேன்: தகுதி உண்டு.
கட்டத்துக்கு வெளியே, இடமில்லாத ஓரத்தில்:
ஒருநாளும் காய விடக் கூடாது.
தில்லைநாயகம் இரண்டாவது வரியைப் படித்தார்,
மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

அஞ்சம்மாளுக்கு ஒரு நகல் வேண்டும்.
திங்கட்கிழமை மனுநாள், கலெக்டர் ஆபீஸ்.
"தண்ணி எறங்காதுன்னு இதுல இருக்குல்ல?"
இருக்கிறது என்றேன்.
"எந்த வரி?"

விரலை வைத்துக் காட்டினேன்.
நகத்திடுக்கில் அவர் வயல்.
அந்த எண்ணை அவரால் படிக்க முடியவில்லை,
பூஜ்யங்கள் அதிகம்.
பேனாவை வாங்கி அடியில் ஒரு கோடு இழுத்தார்,
தாள் கிழியும் அழுத்தத்தில்.

டயர் கடைக்கு அடுத்த கடையில் ஜெராக்ஸ்.
இரண்டு நகல், நாலு ரூபாய்.
ஒன்று குப்பைக்கு,
ஒன்று நெல்லுக்கு.