அடுப்பு அவிந்த வாரம்

சணல் சக்கை, தண்ணீர்,
ஒரு பிடி பூஞ்சை நூல்.
அச்சில் அடைத்து இருட்டில் வைத்தால்
ஏழாம் நாள் பெட்டி.
சத்தமே கிடையாது.
பிறகு எண்பது டிகிரியில் வாட்டிக் கொல்ல வேண்டும்;
செத்தால்தான் சரக்கு.

ஃபிரீஸ்லாந்தில் அன்றும் மழை.
வெள்ளியன்றே அடுப்பு அவிந்ததை
வீட்ஸ்கேவிடம் யாரும் சொல்லவில்லை.
திங்கள் காலை கதவைத் திறந்தாள்.
பம்புகளுக்கென்று வளர்த்த பதினெட்டுப் பெட்டிகளும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
பிரிக்க வரவில்லை.
மூலையில் இருந்ததன் விளிம்பில்
ஈரக் காதுகளாய்க் காளான்,
சியூர்ட் திட்டுவதையெல்லாம் கேட்டபடி.

நட்டக் கணக்கில்
காரணம் எழுதும் கட்டம்.
'அழுகியது' என்று ஆரம்பித்து
அடித்துவிட்டு எழுதினாள்:
வளர்ந்துவிட்டது.

அடுத்த கட்டம், எண்ணிக்கை.
பதினெட்டா
ஒன்றா என்று
பேனா அங்கேயே நிற்கிறது.