நீலம் பதினான்கு

பிப்ரவரியில் உடைந்தது.
எவனோ மழைக்கு மறுநாளே ஏறியிருக்கிறான்.
நனைந்த மணற்கல் ரஸ்க் மாதிரி:
பார்த்தால் பாறை, பிடித்தால் பொடி.
போனது அரை விரற்கடை விளிம்புதான்.
வலக்கையின் இரண்டு நுனிவிரல்கள்
நின்று யோசிக்க இருந்த ஒரே இடம் அது.

ஃபோந்தன்புளோ காட்டில்
பைன் ஊசிகள் மெத்தை போட்ட இந்தச் சரிவில்
நிறம் பார்த்துத்தான் ஏற வேண்டும்.
மஞ்சள், கால் பழகுகிறவர்களுக்கு.
ஆரஞ்சு, சாப்பிட்டுவிட்டு வரும் ஞாயிறுக்கு.
நீலம், கொஞ்சம் திமிர் வந்தவர்களுக்கு.
சிவப்பில் இருப்பவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு
புதன்கிழமைகளை வாங்கியவர்கள்.
கறுப்பைப் பற்றி எனக்குத் தெரியாது.
குழந்தைகளுக்கு வெள்ளை.
கறுப்பையும் தாண்டிய கிறுக்கர்களுக்கும்
அதே வெள்ளைதான்.

அம்புக்குறி வரைகிறவள் நான்.
என் நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம்.

தீர்ப்புக்கு மூன்று பேரைக் கூட்டிவந்தேன்.
நெமூர் தபால்காரன் கொராந்தான்,
ஆறடி நாலங்குலம், உடைந்த இடத்துக்கு மேலேயே
கையைப் போட்டுவிட்டு, "அதே நீலம்தானே?" என்றான்.
மெலன் ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்து
தூங்காமல் வந்த கிஸ்லேன் என் தோளுயரம்;
ஏழு முறை விழுந்து எழுந்து சொன்னாள்:
"சிவப்பு. இல்லை, சிவப்பைவிடக் கொஞ்சம் கோபம்."
ரொட்டிக்கடை அன்வார் கையை விட்டுவிட்டு
குதிகாலைக் காதுக்குப் பக்கத்தில் மாட்டி
எப்படியோ மேலே போய் உட்கார்ந்துகொண்டு கேட்டான்:
"குதிகாலுக்கு என்ன நிறம் தருவீர்கள்?"

பதினொரு வருடம் ஏறிய கல்.
கந்தலில் மிதித்து, மணலைத் துடைத்து,
மூச்சைப் பாதியில் நிறுத்தி,
இருபது முறை நானும் விழுந்தேன்.
இடது தோளிலும் ஏதோ ஒன்று
இதே குளிர்காலத்தில்தான் உடைந்திருந்தது.
அதற்கு யாரும் எண் போட்டிருக்கவில்லை.
கல்லுக்குச் சிவப்பா, எனக்கா என்று
வாய்விட்டுக் கேட்கவில்லை.
கொராந்தான் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தான்.

அழிப்பது என்று முடிவானது.

ஒரு கல்லை நீக்கினால்
காடு முழுக்க ஓர் எண் முன்னால் நகர வேண்டும்.
பதினைந்து பதினான்காகி, பதினாறு பதினைந்தாகி,
நாற்பத்தொன்று வரை மூன்று சனிக்கிழமைகள்.
காட்டுப்பன்றி கிளறிய மண்ணில் டப்பாவை வைத்து
ஏழுகளை ஆறாக்குவதுதான் சிரமம்.
கம்பி பிரஷ் கூடாது, கல்லின் தோல் உரியும்;
மெதுவாக, காயத்தைக் கழுவுவது போல.

ஆறு வருடமாக இருபத்தேழில் தோற்றுவந்த
மருந்துக்கடை செவ்ரீன்
இப்போது இருபத்தாறில் தோற்கிறாள்.
அதே கல், அதே வழுக்கல்;
இருந்தாலும் எதையோ திருடிவிட்டேன் என்று
கடையில் எனக்கு இருமல் மருந்து தரும்போது
சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்கிறாள்.

முன்பெல்லாம் பதின்மூன்றின் உச்சியிலிருந்து
தரை தொடாமல் ஒரு தாவலில் வந்துவிடலாம் அதற்கு.
இப்போது இறங்கி,
மணலில் ஒன்பது எட்டு வைத்து,
அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்,
வழியில் நிற்கும் தெரிந்தவரைப்
பார்க்காத மாதிரி.

நேற்று கடைசி அம்பை முடித்துவிட்டு
புவா லெ ருவா ரயிலுக்குப் போகும் வழியில்
நின்றேன்.
என் பழைய பதினான்கு இருந்த இடம்
மற்ற இடத்தைவிட வெளுப்பாய்.
இடப்பக்கம்,
இத்தனை வருடத்தில் நான் தொட்டே பார்க்காத ஒரு குழியில்,
பிசின் பொடியின் தடம். புதிது.
அதற்கு மேல் இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை,
அங்கேயே விழுந்திருக்க வேண்டும்.
அல்லது உச்சி வரை போயிருக்க வேண்டும்.

நிறம் கேட்காமல் யாரோ ஏறியிருக்கிறார்கள்.

பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துத்
துடைத்துவைத்தேன், எங்கள் வழக்கம் அது.
துடைத்த குழியில்
விரலை வைத்துப் பார்த்தேன்.

நுழையவில்லை.
ரொம்பச் சின்னக் கை.