கூண்டு இறங்கும்வரை

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
மீன்துறையில் டோக்கன் கிடையாது.
ஐந்து நாளாக வீட்டிலேயே இருக்கிறார் இவர்,
உடைந்த ஐஸ்பெட்டியின் தெர்மாகோலைச் சுரண்டி
எங்கள் குடிலுக்குப் பனி செய்துகொண்டு.

எங்கள் பெத்லகேமின் பனியில் நெத்திலிக் கவிச்சை.
இரண்டு தரம் கழுவியும் போகவில்லை.
எதிர்வீட்டுப் பூனை மோப்பம் பிடித்து வந்து
வைக்கோல் தொட்டிலில் சுருண்டுவிட்டது.
"பாலன் எங்க படுப்பாரு?"
ரோவின் அழத் தொடங்க,
"அவருதான் இன்னும் பிறக்கலையே,
அதுவரைக்கும் வாடகைக்கு இருக்கட்டும்"
என்றாள் ஜெனிலா.

பாலன் இருப்பது அரிசி டப்பாவுக்குள்.
அது யாருக்கும் தெரியாதென்று நான் நம்புவது
பிள்ளைகள் இருவருக்கும் தெரியும்.
உலைக்கு அளக்கும்போதெல்லாம்
விரலில் தட்டுப்படுகிறது
ஒரு சின்னக் குதிகால்.

ராஜாக்களால்தான் சிக்கல்.
எங்கள் வீட்டு வழக்கப்படி
அவர்கள் முதல் நாளே குடிலுக்குள் வரக் கூடாது.
ஜன்னல் திட்டு, தையல் மெஷின், டிவி என்று
தினம் கொஞ்சம் நகர்ந்து
ஜனவரி ஆறில் வந்து சேர வேண்டும்.
போன வருஷம் வந்து சேர்ந்தார்கள்,
வழியில் ஒட்டகத்துக்கு ஒரு காது போயிற்று.
இந்த வருஷம் ரோவினுக்கு நாலரை வயது.

"ராஜாக்கள் எங்கேருந்து வர்றாங்க?"
"கிழக்கேயிருந்து."
அக்காக்காரி கொஞ்சம் யோசித்தாள்.
"கிழக்கேன்னா தலைமன்னார்தானே?"

பிறகு ஒட்டகம் எதற்கு?
அவற்றை அலமாரியில் கட்டிவிட்டு
சோப்பு டப்பாவில் ஈர்க்குச்சி நட்டு
மூவரையும் ஏற்றினார்கள்.
ஃப்ரிட்ஜின் தலைதான் தலைமன்னார்.
தள்ளப் போனவன் கையை எடுத்துக்கொண்டான்.
"அப்பா, கூண்டு ஏத்தியிருக்குல்ல?"

கூண்டு ஏற்றினால்
ராஜாவுக்கும் டோக்கன் இல்லை.
நைலான் நூலால் படகைக் கட்டினான்,
அப்பா கற்றுத்தந்த முடிச்சில்.

அன்றிரவு அச்சுமுறுக்குச் சுடும்போது
ஜெனிலா பக்கத்தில் வந்து நின்றாள்.
"எல்லை தாண்டினா அவங்களையும் பிடிப்பாங்களாம்மா?"
எண்ணெய்க்குள் அச்சை உதறினேன்.
"ராஜாக்களை யாருடி பிடிக்கப் போறா."
"இல்ல, தங்கம் வச்சிருக்காங்கல்ல.
சாம்பிராணி வேற."
சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
அந்த ஈடு கொஞ்சம் கருகிப்போனது.

புதுத்துணி இல்லை.
ஜெனிலாவின் புதுநன்மைக் கவுனை
இடுப்பில் பிரித்து இறக்கிக் கொடுத்தேன்.
நள்ளிரவுப் பூசை முடிவதற்குள்
ரோவின் அப்பாவின் தோளில் தூங்கிப்போனான்.
வீட்டுக்கு வந்து, அவள்தான் கிடத்தினாள் பாலனை.
முழங்கால் மடிப்பில் ஒட்டியிருந்த அரிசிமணியை
நகத்தால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.
பூனை எழுந்து, முதுகை வளைத்து,
வாடகை பாக்கி இல்லாதவர்போல நடந்து
வாசற்படிக்குக் குடிபெயர்ந்தது.

இருபத்தெட்டாம் தேதி கூண்டு இறங்கியது.
மறுநாள் காலை இவர் கடலுக்குப் போனார்.
அதே நேரம் ஃப்ரிட்ஜிலிருந்தும் ஒரு படகு புறப்பட்டது.
ஹாலின் நடுவே அதை நிறுத்திவிட்டு
ரோவின் சொன்னான்:
"நடுக்கடல். யாரும் மிதிக்கக் கூடாது."

நாள் முழுக்கச் சுற்றி நடந்தோம்.
சோற்றுத் தட்டோடு நான்,
துடைப்பத்தோடு நான்.
அட்டை கேட்டு வந்த சுய உதவிக் குழு அந்தோணியாளும்
சேலையைத் தூக்கிப் பிடித்தபடி
கரையோரமாகப் போனாள்.

இரவில் கரண்டு போனது.
வாசலில் ஸ்டார் அணைந்து,
அதன் மூங்கில் எலும்புகள்
வாடைக்காற்றில் இடித்துக்கொண்டன.
இவருடைய போனுக்கு நான்கு தரம் அடித்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்று
ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்.
தண்ணீர் குடிக்க எழுந்து போகையில்
அந்த இருட்டிலும்
என் கால் அதுவாகவே விலகி நடந்தது
சோப்பு டப்பாவைச் சுற்றி.

எப்போது கண்ணயர்ந்தேன், தெரியாது.
சைக்கிள் சத்தம் எனக்குக் கேட்பதற்கு வெகு முன்னால்
வாசற்படியில்
பூனைதான் முதலில் எழுந்து நின்றது.