குத்தகை

ஓல்ஸ்டார்ஃப் வாயிலைத் தாண்டியதும்
பேருந்து தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.
முப்பதுக்கு மேல் போகக்கூடாது.
'இங்கே யாருக்கும் அவசரமில்லை' என்று
வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்ன நகைச்சுவையை
துர்சுன் இப்போது சொல்வதில்லை.
சைக்கிளில் போகிறவர்களுக்கு அவசரம்,
காதில் பாட்டோடு ஓடுகிறவர்களுக்கு அவசரம்,
குறுக்கே பாயும் சிவப்பு அணிலுக்கும்.

ஹாம்பர்க் நகரம்
தன் இறந்தவர்களுக்கு ஏரி வைத்துக் கொடுத்திருக்கிறது.
வளையும் பாதை, மறைத்துவைத்த பாலம்,
திரும்பிய பிறகே தெரியவரும் புல்வெளி.
வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது
நேர்ச்சாலையில் துக்கம் சீக்கிரம் களைத்துவிடும் என்று.

ஜூன் முதல் வாரம்.
ரோடோடென்ட்ரான் ஆளுயரம் தாண்டி
ஊதாவாய் ஜன்னலை உரசுகிறது.
வாத்தின் பின்னால் ஒரு குழந்தை,
குழந்தையின் பின்னால் தகப்பன்,
அவன் பின்னால்
ஏதோ ஒரு கப்பல் முதலாளியின் பளிங்குத் தேவதை,
மூக்கு உடைந்து.

'பத்தாம் சிற்றாலயம்' என்கிறது
பதிவுசெய்த பெண்குரல்,
தக்காளி விலை சொல்வதுபோல.

வீப்கே ஹார்ம்ஸ் இறங்குகிறாள்
மடியிலிருந்த பெகோனியாத் தட்டை
இரு கையாலும் ஏந்தி.
கம்பத்தில் சங்கிலியிட்ட பூவாளி.
ஒரு யூரோவைச் செருகினால் விடுபடும்.
தண்ணீருக்குக் காசில்லை,
வாளிக்குத்தான் பிணை.

ஹென்னிங்கின் கல்லில் பச்சை ஸ்டிக்கர்:
உரிமைக்காலம் முடிந்தது.
உரியவர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்.

வீடு போ போ என்கிறது
காடு வா வா என்கிறது என்போம் நாம்.
இந்தக் காடு
வந்து படுத்தவனையும் இருபத்தைந்து வருடத்தில்
போ என்கிறது,
மரியாதையாக,
படிவம் ஒன்றை நீட்டி.

இன்னொரு இருபத்தைந்து எடுத்தால்
முடிகிற நாளில் அவளுக்கு வயது நூற்றாறு.
துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம் இருந்தவள்,
கணக்கில் பிசகமாட்டாள்.
பக்கத்து இடத்தில்
போன கோடை வரை ஒரு டிராம்போன்காரர் இருந்தார்.
இப்போது புல்.
புல்லில் ஸ்டிக்கர் ஒட்டாது.

ஆனாலும் நட்டாள்.
ஆறு பெகோனியா, சிவப்பில் நான்கு,
கடைக்காரன் தவறிக் கொடுத்த வெள்ளை இரண்டு.
களை பிடுங்கினாள். தண்ணீர் விட்டாள்.
நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்ப
கிழியாமல் முழுதாக வந்தது.
குப்பைத்தொட்டி கண்ணில் படவில்லை.
கொஞ்சம் யோசித்து
தன் மழைக்கோட்டின் மார்பில்
ஒட்டிக்கொண்டாள்.

திரும்பும் பேருந்திலும் துர்சுனே.
அவன் ஸ்டிக்கரைப் படித்தான்,
படிக்காததுபோல் சீட்டைப் பார்த்தான்.
அவள் அவன் பெயர்ப்பட்டையைப் படித்தாள்.
"துர்சுன். என்ன அர்த்தம்?"
"நிற்கட்டும்."
"பேருந்து ஓட்டுகிறவருக்கா!"
வாய்விட்டுச் சிரித்தாள். அவனும்.
அவனுக்கு முன் பிறந்து நிற்காமல் போன இருவர்,
இதுவாவது தங்கட்டும் என்று
தாய் பெயரிலேயே போட்ட முடிச்சு,
இதெல்லாம்
இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில்
சொல்லி முடிகிற கதையில்லை.

ஏரி போயிற்று. தேவதை போயிற்று.
வாயிலுக்குச் சற்று முன்
அவள் மண் படிந்த விரல்களை விரித்து
"ஐயோ, வாளி" என்றாள்.
கல்லருகிலேயே விட்டுவிட்டிருக்கிறாள்,
உள்ளே அவள் யூரோ.
துர்சுன் வேகம் குறைத்தான்:
அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால்
எதிர்ப்பக்கம் ஏழு நிமிடத்தில் இன்னொரு வண்டி.

ஜன்னலைப் பார்த்தபடி,
தனக்குத்தான் போல,
"இருக்கட்டும்" என்றாள்.

யாரோ தன்னைக் கூப்பிட்டதாக
அவன் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தான்.